நாலாவது சொல்

மார்ச் 4, செவ்வாய்

பனியும் மழையும் கலந்து. மல்வேர்ன் கிளினிக். இருபத்தாறு நோயாளிகள். கார்ச் சாவியை இரண்டு தரம் தேடினேன்.

கடைசியாகப் பரமேஸ் அன்ரி, வயது 78, மகளோடு. "அம்மா கார் ஓடுறது எனக்குப் பயமாக் கிடக்கு, டொக்டர்." ஞாபகப் பரிசோதனை. திகதியும் கிழமையும் கேட்டேன், சரியாகச் சொன்னார். ஐந்து சொல் சொல்வேன், ஐந்து நிமிடம் கழித்து அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். கதவு, மாம்பழம், ஆறு, நீலம் என்றார். கொஞ்சம் யோசித்து, குடை.

"அது இல்லை, அன்ரி."

"ஓம், இல்லையாக்கும்."

ஒரு புள்ளியால் தவறினார். கார் ஓட்டக்கூடாது என்று அரசாங்கத்துக்கு அனுப்பும் படிவத்தை நிரப்பினேன். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். பாவமாக இருந்தது.

மார்ச் 5, புதன்

வெயில், ஆனால் குளிர். படிவத்தை ஃபாக்ஸ் பண்ணுமுன் பரிசோதனைத் தாளைப் பார்த்தேன். குடை இருக்கிறது. நாலாவது சொல். ஐந்தையும் அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மறந்தது நான்.

படிவத்தைக் கிழித்துப் போட்டேன். யாருக்கும் சொல்லவில்லை.

களைப்பா? அல்லது றக்பியா? கனடா அணிக்கு ஒன்பது வருடம் ஆடியிருக்கிறேன். தலையில் அடிபட்டு மயங்கியது மூன்று தரம். மனைவி ஐந்து என்கிறாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தவள், நான் கிடந்தவன். யாரை நம்புவது?

பால், முட்டை, வாசல் பனி கரைய உப்பு.

மார்ச் 6, வியாழன்

அன்ரிக்குப் போன். பிழை என்னுடையது, நீங்கள் கார் ஓடலாம் என்றேன்.

"குடை எண்டு நீங்கள் சொன்னது எனக்கு நல்ல ஞாபகம், தம்பி. டொக்டரே இல்லை எண்டால் நான் என்னத்தைச் சொல்லுறது? எனக்கு மறதி வந்திட்டுது எண்டு ரெண்டு நாளா அழுதுகொண்டிருந்தனான்."

மன்னிப்புக் கேட்டேன். வெட்கம். இதற்கு முன் எத்தனை பேருக்கு இப்படி? தெரியவில்லை.

கூடப் படித்த நரம்பு மருத்துவர் நாளை பத்து மணிக்கு என்னைப் பார்க்கிறார். அதுவரை நோயாளிகள் வேண்டாம் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டேன். அவரும் இதே பரிசோதனைதான் செய்வார். விடையெல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஆடிய காலத்தில் அடிபட்டால் அணி மருத்துவர் ஓடி வந்து கேட்பார். இன்று என்ன திகதி? எந்த மைதானம்? பிழையாகச் சொன்னால் வெளியே. அதனால் ஆட்டத்துக்கு முன்பே விடைகளை மணிக்கட்டில் எழுதி வைத்துவிடுவேன். கெட்டித்தனம் என்று நினைப்பு.

நாளை ஏமாற்றக்கூடாது.

மார்ச் 7, வெள்ளி

மழை. தேத்தண்ணி தரும்போது மனைவி என் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"உதென்னப்பா, கையில எழுதி வச்சிருக்கிறியள்?"

இடது மணிக்கட்டில் நீல மையில்: மார்ச் 7, வெள்ளி. என் கையெழுத்துத்தான்.

எப்போது எழுதினேன்?