ஹோம் ரன்னுக்கு ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை

திருவனந்தபுரம்
11.11.1998, புதன்

அன்புள்ள ஷாஜி அண்ணனுக்கு,

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டு லீலாபாய் அம்மாளின் வலதுகை மோதிரவிரல், சென்ற வியாழக்கிழமை மாலை ஐந்தேகால் மணிக்குக் கிணற்றடியில் கடமையாற்றிக்கொண்டிருந்தபோது திடீரென வீங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை என்று ஆஸ்பத்திரியில் படம் எடுத்துச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் துணைக்கு நடுவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துக் கட்டியிருப்பதால் மூவரும் பத்து நாள் மருத்துவ விடுப்பில் இருக்கிறார்கள். அம்மாவால் பேனா பிடிக்க முடியாது, அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். இதில் நான் என்று வந்தால் அது உன் தம்பி ரெஜி, அம்மா என்று வந்தால் அம்மா, எழுத்துப் பிழை வந்தால் அதுவும் அம்மா.

அம்மா முதலில் எழுதச் சொன்னது: ஆண்டவருடைய காவலில் நானும் அப்பாவும் ரெஜியும் இங்கே சுகம், கடலுக்கும் குளிருக்கும் அப்பால் இருக்கிற என் மூத்த பிள்ளை சுகமாயிருக்கக் காலையும் மாலையும் முழங்காலில் நிற்கிறேன். இத்துடன் அம்மாவின் அச்சுத்தமிழ் முடிந்தது, இனி எல்லாம் பேச்சுதான்.

விரல் வீங்கிய காரணத்தைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளிக்கூட கிரவுண்டில் ஜில்லா பேஸ்பால் டீமுக்கு செலக்‌ஷன். முந்தின நாள் எனக்குப் பயிற்சி வேண்டும், நான் எறிகிற பந்தைப் பிடிக்க ஆள் இல்லை, அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். நீ கொடுத்தனுப்பிய கிளவுஸ் ஒன்றுதான், அது அழகாக என் கையிலேயே இருந்துவிட்டது. அம்மா வெறுங்கையால் பிடித்தாள். பந்து கீழே விழவில்லை என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன். இந்த செலக்‌ஷன் ஏன் முக்கியம் என்று உனக்கே தெரியும். டீமில் பெயர் வந்தால் எஸ்.எஸ்.எல்.சி.க்கு கிரேஸ் மார்க் கிடைக்கும், கணக்கில் நான் எப்படி என்பதும் உனக்குத் தெரியும். அப்பா தீர்ப்பை முன்கூட்டியே எழுதிவிட்டார், "பேரு வந்தா வெளையாடு. வரல்லேன்னா மட்டையும் கையுறையும் பரீட்ச முடியற வரைக்கும் எனக்க பெட்டிக்குள்ள, கேட்டியாலே." செலக்‌ஷனில் என்ன நடந்தது என்பதை நீ சனிக்கிழமை போனிலேயே கேட்டுவிட்டாய். ஹோம் ரன்! மதிலுக்கு மேலே! அந்தப் பந்து போன உயரத்தில் ஒரு காக்காய் வழி விட்டு ஒதுங்கியதை என் கண்ணால் பார்த்தேன். இந்த வட்டாரத்தில் பேஸ்பால் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான், சந்தேகம் உள்ளவர்கள் எல்லோரும் என்னிடம்தான் வருகிறார்கள், ஆகையால் நான் தப்பாகச் சொன்னாலும் அதுதான் இங்கே சட்டம். இனி பட்டியல் வர வேண்டியதுதான் பாக்கி என்று வீட்டில் எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

அம்மாவுக்கு உன் போன கடிதத்தில் ஒரு பெரிய குழப்பம், அதைத்தான் முதலில் கேட்கச் சொல்கிறாள். உங்கள் ஊர் டீமில் பந்து எறிகிற ஒருவனை வேறு ஊர் டீமுக்கு விற்றுவிட்டார்கள் என்றும், அன்றைக்கு ஆபீசில் பாத்ரூமுக்குள் போய் நின்று அழுதேன் என்றும் எழுதியிருந்தாய் அல்லவா. அம்மா அதை நாலு தரம் வாசிக்கச் சொன்னாள். "ரெண்டு வருசம் முன்ன ஏர்போர்ட்டுல எனக்க கண்ணுல வெள்ளம் நிக்காம ஒழுகிச்சு, அவன் சிரிச்சுட்டே கைகாட்டிட்டுப் போனான். இப்ப ஒரு பந்தெறியற பயல வித்ததுக்கு அழுவானாமா?" என்றாள். நான் விளக்கினேன், அம்மா, அவன் பெரிய ஆட்டக்காரன், அண்ணன் அவனுடைய பெயர் எழுதிய பனியன்தான் போடுவான் என்று. அப்படியானால் அவனைக் கேட்காமல் எப்படி விற்றார்கள் என்றாள். அவனைக் கேட்கவே வேண்டாம் அம்மா, காலையில் சொல்வார்கள், சாயங்காலம் அவன் வேறு சட்டை போட்டு வேறு ஊரில் நிற்பான் என்றேன். அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லையா என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அடுக்களையிலிருந்து, "அந்த ஊருல இவனுக்குச் சொந்தம்னு இருந்தது அந்தப் பயல் ஒருத்தன்தான் போல" என்று தனக்குத்தானே சொன்னாள். அதை எழுதாதே என்றும் சொன்னாள். எழுதிவிட்டேன்.

எனக்குள்ள குழப்பம் வேறு. அவன் புது டீமோடு உங்கள் ஊருக்கு ஆட வந்தபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினீர்களாம், அடுத்த நிமிஷம் அவன் எறிய வந்ததும் கூக்குரல் போட்டீர்களாம். அண்ணா, நீங்கள் கைதட்டுவது ஆளுக்கா சட்டைக்கா? சட்டைக்கு என்றால் அதைக் கொடியில் காயப்போட்டுவிட்டு அதற்கே கைதட்டலாமே. ஆளுக்கு என்றால் அவன் போன ஊருக்கே நீயும் போயிருக்க வேண்டுமே.

நீ அனுப்பிய கேசட்டை உன்னோடு வேலை பார்க்கிற, இப்போது லீவில் வந்திருக்கிற சேஷன் அண்ணன், கோட்டைக்குள் இருக்கிற தன் வீட்டிலிருந்து வந்து கொடுத்துவிட்டுப் போனார், "மூணு மணி நேரம் ஓடும், பாதியிலே எழுந்து போயிடாதேள்" என்று எச்சரிக்கையும் கொடுத்தார். நம் சந்து முனையில் வீடியோ கடை வைத்திருக்கிற குற்றாலலிங்கம் அண்ணாச்சி தன் டெக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். அமெரிக்காக் கேசட்டுக்கும் நம் டெக்குக்கும் ஒத்துப்போகாதாம், படம் கறுப்பு வெள்ளையில் கீழிருந்து மேலே உருண்டுகொண்டே இருந்தது. "ஏல, கலரு அங்கனயே நின்னுட்டு, ஆட்டம் மட்டும் வந்திருக்கு" என்றார் அண்ணாச்சி. சிவப்புத் தொப்பிதான் நம் ஆட்கள் என்று நீ எழுதியிருந்தாய். திரையில் எல்லாத் தொப்பியும் கரித்துணி. பதினான்கு பேர் உட்கார்ந்து ஆறாவது இன்னிங்ஸ் வரை தொண்டை கிழியக் கத்தினோம், அப்புறம்தான் தெரிந்தது அது எதிரி டீம் என்று. அம்மாவுக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை, மூன்றாவது பேஸில் ஒல்லியாக நின்ற ஒருவனைக் காட்டி "பாவம், இவன் நம்ம ஷாஜியப் போல சோறு திங்காத பிள்ள" என்று அவனுக்காகவே கைதட்டிக்கொண்டிருந்தாள். அவன் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை துப்பியதும் அவள் முகம் வாடிவிட்டது. நெஞ்சில் சளியோ என்னவோ என்று அவனுக்காக அன்று ராத்திரி ஜெபத்தில் ஒரு வரி சேர்த்தாள். அவர்கள் எல்லோரும் துப்புவார்கள் அம்மா, வாயில் விதையோ புகையிலையோ போட்டுக்கொண்டுதான் ஆடுவார்கள் என்றேன். "அம்மோ, இவ்வளவு சம்பளம் வாங்கீட்டு வெத்திலப்பெட்டியோடயா வேலைக்கு வருவாவ?" என்றாள். பயிற்சியாளர் மூக்கைத் தொட்டு, தொப்பியைத் தொட்டு, பெல்ட்டைத் தொட்டு ரகசியம் சொன்னதைப் பார்த்து அங்கேயும் கொசு உண்டா என்று கேட்டாள். இதற்கு நீயே பதில் எழுது.

அப்பாவின் குழப்பம்தான் எல்லாவற்றிலும் கனமானது. நாலு வருஷம் முன்னால் ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஸ்ட்ரைக் செய்து அந்த வருஷத்துக் கடைசிப் போட்டியே நடக்கவில்லை என்று நீ எழுதியிருந்ததை வாசித்ததும் அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார், "பாத்தியாலே, யூனியன்னா அது!" அன்றைக்கு போனக்காடு எஸ்டேட் பஸ்ஸில் கண்டக்டராக டிக்கெட் கிழித்ததைவிட இந்தக் கதையைச் சொன்னதுதான் அதிகம். சாயங்காலம் நான் சும்மா இருக்காமல் அந்த ஆட்டக்காரர்களின் சம்பளத்தை ரூபாயாக்கிச் சொன்னேன். அப்பா டிக்கெட் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "அப்ப என்னத்துக்குலே இந்த ஸ்ட்ரைக்கும் சமரமும்?" என்றார். முதலாளிகள் சம்பளத்துக்கு ஒரு எல்லை வைக்கப் பார்த்தார்களாம் என்றேன். இரண்டு நாள் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் திண்டாடி, கடைசியில் கிழக்கேகோட்டை டிப்போவில் யூனியன் செக்ரட்டரியிடமே கேட்டிருக்கிறார். அவர் "ஆலோசிச்சு பறயாம்" என்று சொல்லிவிட்டுப் போனவர் இன்னும் ஆலோசிக்கிறார். ஆட்டக்காரனை விற்கிற விஷயத்தையும் அப்பா விடவில்லை. "எஸ்டேட்டு கைமாறுனா தொழிலாளியும் அதுக்க கூடவே கைமாறுவான். அதுபோலயாலே?" என்றார். இல்லை அப்பா, அங்கே தோட்டம் அதே முதலாளியிடம்தான் இருக்கும், தொழிலாளி மட்டும்தான் கைமாறுவான் என்றேன். அப்பா உன் கடிதத்தை மடித்து வைத்தார். தினமும் தன் பஸ்ஸில் ஏறி இறங்குகிற எஸ்டேட்டுக்காரர்களை நினைத்திருப்பார்.

எனக்குப் புரியாதது இன்னும் உண்டு. போட்டிக்கு உலகத் தொடர் என்று பெயர், ஆனால் உலகத்திலிருந்து வந்திருப்பது கனடாவின் இரண்டு டீம் மட்டும். எறிகிறவன் அசந்த நேரம் பார்த்து அடுத்த மூலைக்கு ஓடி பேஸைத் திருடினால் கைதட்டுகிறீர்கள், ஆனால் ஹோம் ரன் அடித்தவன் தன் பந்து போகிற அழகை இரண்டு நொடி நின்று பார்த்தால் குற்றமாம், அடுத்த முறை அவன் விலாவைப் பார்த்துப் பந்து வருமாம், இது எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டமாம். சந்தோஷப்படுவதற்கு விலா எலும்பா தண்டனை? சண்டை வந்தால் இரண்டு பக்கமும் உள்ள அத்தனை பேரும், தூரத்துக் கொட்டகையில் இருப்பவன் உட்பட, ஓடிவந்து ஆளுக்கொருத்தன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒருத்தனும் அடிப்பதில்லை. இவ்வளவு பெரிய ஆட்கள் இவ்வளவு சின்னப் பிள்ளைகளாக இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை அண்ணா, கேசட்டை ஏழு தரம் போட்டுவிட்டேன், அண்ணாச்சி டெக்கைத் திருப்பிக் கேட்கிறார்.

இனி ஞாயிற்றுக்கிழமை நடந்தது. சனிக்கிழமை போனில் நீ போட்ட கூச்சலைக் கேட்டு அம்மா ரிசீவரைப் பிடுங்கி, அது அவ்வளவு நல்ல காரியமா என்று கேட்டாள், அமெரிக்காவில் அதற்கு மேல் ஒன்றுமே இல்லை அம்மா என்று நீ சொன்னாய். அவ்வளவுதான். மறுநாள் ஆராதனையில் நம் சபைப் போதகர் ஐயர் ஸ்தோத்திரக் காணிக்கைகளை வாசித்துக்கொண்டே வந்தார், சுகப்பிரசவத்துக்காக, வேலை கிடைத்ததற்காக, பிறகு மூக்குக்கண்ணாடியை ஏற்றி, "ஞானையன் லீலாபாய் குடும்பத்தார், தங்கள் இளைய மகன் ரெஜி ஹோம் ரன் அடிக்கக் கர்த்தர் செய்த கிருபைக்காக" என்றார். சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு விஜயம் அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்ட விட்டு ஓடினாலும் பிள்ள திரும்பி வந்துட்டானே, அது போதும் லீலா" என்று கண்ணைத் துடைத்தார். அம்மா அவருக்கு வாசல் படியிலேயே வைத்து பேஸ்பால் சொல்லிக்கொடுத்தாள், பந்தை அடித்தவன் ஓடித் தொட்டு வீடு திரும்ப வேண்டிய நாலு மூலையையும் விரல்கட்டோடு காட்டி. பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை. அன்றைக்குக் கோழி வாங்கினார்கள்.

அம்மா கடைசியாகச் சொல்வது: ஸ்டேடியத்தில் பேப்பர் கப்பில் நுரை பொங்க விற்கிற சாதனம் என்ன என்று கேசட்டிலேயே பார்த்துவிட்டாள், நீ அந்தப் பக்கம் போக வேண்டாம். வாரம் ஒருநாளாவது அரிசிச் சோறு வை. விற்றுப்போன அந்தப் பயலுக்கு ஒரு கடிதம் எழுது, புது ஊரில் அவனுக்கும் யாரும் இருக்க மாட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு வர முடியாவிட்டால் போட்டோ அனுப்பு, தொப்பி இல்லாமல், முகம் தெரிய வேண்டும். உன் தலைமேல் ஆண்டவர் கை இருக்கட்டும், காலில் கம்பளி சாக்ஸ் இருக்கட்டும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா லீலாபாய் (இடதுகையால்)
அப்பா ஞானையன்

அண்ணா, அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டுப் பசை எடுக்கப் போயிருக்கிறாள். சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பந்து மதிலுக்கு மேலே போனது சத்தியம். ஆனால் நம் சந்துக் கிரிக்கெட்டில் மதில் தாண்டினால் அவுட், அடித்தவனே போய்ப் பந்தை எடுத்து வர வேண்டும், ஆறு வயதில் நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய். பந்து அந்தப் பக்கம் மறைந்ததும் என் காலுக்கு அது மட்டும்தான் ஞாபகம் வந்தது. மட்டையைக் கீழே வைத்தேன், தலையைக் குனிந்தேன், நடந்தேன். எங்கள் டிரில் மாஸ்டர் ராஜமணி சார் தொண்டை உடைய "ஓடெடா ரெஜி, ஓடு!" என்று கத்தினார். சீக்கிரம் பந்தை எடுக்கச் சொல்கிறார் என்று நினைத்து ஓடினேன், கேட்டைத் தாண்டி, அடுத்த வீட்டுக்கு. அந்த வீட்டுச் சரஸ்வதியம்மாள் என்ன கிளாஸ், அப்பாவுக்கு என்ன ஜோலி என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் பந்தைத் தந்தார். நான் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெற்றிவீரனாகத் திரும்பி வந்தேன். முதல் பேஸைக்கூடத் தொடாமல் கிரவுண்டை விட்டே போனவன் அவுட் என்று அம்பயர் கட்டைவிரலைக் காட்டினார். ராஜமணி சார் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார், அழுதாரா சிரித்தாரா என்று இதுவரை எனக்குத் தெரியாது. பட்டியல் திங்கட்கிழமையே வந்துவிட்டது. பதினெட்டுப் பெயர், என் பெயர் இல்லை. டைப்பிஸ்ட் லீவு, பட்டியல் தாமதம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். அம்மா அந்த ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரை இரண்டு கையாலும் பிடித்துக் காணிக்கைத் தட்டில் வைத்ததைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை.

எழுதினதையெல்லாம் வாசித்துக் காட்டாமல் ஒட்டவிட மாட்டாள். வருகிற சத்தம் கேட்கிறது. இந்தப் பக்கத்தையும் வாசிக்கத்தான் போகிறேன், ஒரு வரிகூட விடாமல். முடித்ததும் ஓடுவேன். அடுக்களை, கிணற்றடி, விறகுப்புரை, திரும்ப வீடு. இந்தத் தடவை நாலையும் தொட்டுவிடுவேன்.

ரெஜி