நான்கு மணிக் கட்டம்

அன்பு மகளுக்கு,

நான் நலம். நீ நலமாக இல்லை என்பது உன் கடிதத்திலேயே தெரிகிறது, அதனால் அதைக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சாப்பாடு கொடுத்தனுப்புகிறாள், வேளைக்குச் சாப்பிடுகிறேன். மாதக் கடைசியில் வேலையை விடப்போவதாக எழுதியிருக்கிறாய், பெற்ற தாய்க்குப் போட்ட கணக்கே தப்பாகிவிட்டது, இனி ஊரார் கூரைக்கு எந்த முகத்தோடு சோலார் கணக்குப் போடுவது என்றும் கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் எழுதத்தான் மூன்று நாளாக உட்கார்வதும் எழுவதுமாக இருக்கிறேன்.

எதிர்வீட்டு மாடியில் புதுத் தண்ணீர்த் தொட்டி வந்தபோது, அதன் நிழல் நம் சோலார் பேனல்களைப் பாதிக்கிறதா என்று பார்க்க, காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை இரண்டு மணிக்கு ஒருமுறை மாடி மீட்டரைப் பார்த்து ஒரு மாதம் எழுதி அனுப்பச் சொன்னாய். பாதித்தால் நிழலைச் சமாளிக்க, பேனலுக்கு ஒன்றாக ஆப்டிமைசர் பெட்டி அனுப்புகிறேன் என்றாய். எனக்கு முழங்கால் வலி. பன்னிரண்டு மணிக்கு மட்டும் ஏறினேன். மற்ற நான்கு கட்டங்களையும் சூரியன் சாயும் கோணத்தை வைத்து மேசையிலேயே கணக்கிட்டு நிரப்பினேன். முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன், அது அளந்ததற்குச் சமம் என்று நினைத்தேன். நினைத்தேனா, சோம்பலுக்கு அப்படிப் பெயர் வைத்தேனா, தெரியவில்லை. உன் அம்மாகூட, "அஞ்சு கட்டத்துக்கும் ஒரே நடையா? எண்ணெல்லாம் மாடியில வரிசையில நின்னுச்சா?" என்று கேலி செய்தாள். நீயோ, "வளைவு அழகா இருக்குப்பா, நிழலே படல, பெட்டி வேண்டாம்" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பாராட்டுக் கேட்டதும் நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

அம்மாவின் கடைசி நாளன்று சாயங்காலம் மின்சாரம் போனதும், நான்கு மணி நேரம் தாங்க வேண்டிய சோலார் பேட்டரி அவளுடைய ஆக்ஸிஜன் மெஷினை முக்கால் மணி நேரம்கூட ஓட்டவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. காரியத்துக்கு வந்து இறங்கியதும் விமான நிலையத்தில், "நான்தாம்பா கொன்னுட்டேன்" என்று நீ அழுதபோதும் உன் தோளைத் தட்டினேனே தவிர வாயைத் திறக்கவில்லை.

நேற்று எலக்ட்ரீஷியனோடு நான்கு மணிக்கு ஏறினேன். ஒரே பேனலில் துண்டு அகலத்துக்கு நிழல். மீட்டரில் நான் எழுதியதில் கால் பங்குகூட இல்லை. "கைகோத்து ஓடுற கூட்டம் சார் இது, ஒருத்தன் நொண்டினா அத்தனை பேரும் நொண்டணும். பெட்டி இருந்தா அவனை விட்டுட்டு மத்தவங்க ஓடியிருப்பாங்க" என்றான். சரியான எண்ணைக் கொடுத்திருந்தால் உன் கணக்கும் அதையேதான் சொல்லியிருக்கும்.

நோட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். உண்மையில் அளந்த எண்களைச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறேன், நாளுக்கு ஒன்றுதான் இருக்கும். மற்றவை நான் இட்டுக்கட்டியவை. உன் மேலதிகாரியிடம் காட்ட வேண்டுமானாலும் காட்டு. என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேசாதே, அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ராஜினாமாவை மட்டும் கொடுத்துவிடாதே. நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். திங்கட்கிழமை மறக்காமல் வேலைக்குப் போ.

இப்படிக்கு,
உன் அப்பா