குமிழி வராத மூச்சு

கொட்டாஞ்சேனை,
வியாழன்.

அன்புள்ள அம்மா,

உங்கள் முழங்கால் நோ எப்படி? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். பேப்பரில் ஹெந்தளைக் கடலில் ஒருவன் செத்த செய்தியைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். கடலில் இறங்கியது நானல்ல. என்னோடு ஒரே அறையில் இருந்த பீற்றர்.

அவன் கண்ணாடித் தொட்டிகளுக்கு மீன் பிடிப்பவன். குமிழியைக் கண்டால் மீன் ஓடுகிறதென்று, விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும் கருவியொன்றை நாங்களே செய்தோம். மூச்சுப் பைக்கு நீங்கள் தந்துவிட்ட சுடுதண்ணிப் பையை வெட்டினோம். கெட்ட காற்றை உறிஞ்ச வெற்றிலைச் சுண்ணாம்பு வைத்தோம்.

குமிழி வராததால், வள்ளத்தில் கயிற்றைப் பிடித்திருந்த எனக்குக் கீழே நடப்பது தெரியாது. “பத்துத்தரம் அருள் நிறைந்த மரியே சொல்லிப்போட்டுக் கயித்தை இழு மச்சான். நான் திருப்பி இழுக்காட்டி உடனே தூக்கு” என்றான் பீற்றர். அவன் சொன்னால் அது இரண்டு நிமிடம். எனக்குச் செபம் பாடமில்லை. அவன் எழுதித் தந்த துண்டைப் பார்த்து, பிழைவிடக் கூடாதென்று ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். பத்தும் முடித்து இழுத்தபோது பதில் வரவில்லை.

இனிச் சுடுதண்ணிப் பை அனுப்ப வேண்டாம். மிளகாய்த்தூள் மட்டும் அனுப்புங்கோ, ஒரு ஆளுக்குக் காணும் அளவு.

வேலைக்கு நேரமாகிறது. அந்தச் செபம் இப்போது எனக்குப் பாடம், அம்மா. இரண்டு நிமிடத்தில் பத்தும் முடிகிறது.

உங்கள் மகன்,
சாரங்கன்