கோட்டைத் தடுப்புக்கு இப்பால்

3.5.1961, வட்டவளை

பிரஜாவுரிமை விசாரணைக் கடிதம் வந்துவிட்டது. பதினாறாம் தேதி, காலை பத்து மணி, கொழும்புக் கோட்டை. எனக்கும் என் சம்சாரம் ராக்காயிக்கும் சேர்த்து; நான் ஒருவன் போனால் போதும். வராவிட்டால் தள்ளுபடியாம். ஐம்பத்தெட்டு வருடம் இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் கிடந்ததற்குச் சாட்சி வேண்டுமாம் இவர்களுக்கு.

7.5.1961

கணக்கப்பிள்ளை அழகுமுத்து பயமுறுத்துகிறார். "கோட்டைய சுத்தி ஆமிக்காரன் நிக்கிறான் பெரியவரே. அவசரகாலச் சட்டம். கள்ளத்தோணின்னு புடிச்சான்னா நேரா இந்தியாவுக்குக் கப்பல்தான்."

"எனக்கென்ன பயம்?" என்றேன். துரை ஆபீசில் எல்லாரையும்போல் துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, கூப்பிடும்வரை வெயிலில் நிற்க மாட்டேன் என்று சொல்லி ஒரு வாரம் வேலையை இழந்தவன் நான்.

ராத்திரி கடிதத்தை நாலு தரம் எடுத்துப் படித்தேன். அது அவருக்குத் தெரிய வேண்டாம்.

15.5.1961

ராத்திரி மெயில் ரயிலில் புறப்படுகிறேன். கம்பளியை இறுக்கிப் போர்த்திக்கொண்டேன். குளிர்தான்.

17.5.1961

எழுத மனமில்லை. எழுதியே ஆக வேண்டும்.

நேற்றுக் கோட்டையில், தெருவை மறித்துக் கம்பித் தடுப்பு. அந்தப் பக்கம் வெள்ளைத் தூண் வைத்த பழைய கட்டடங்கள், எல்லாம் அரசாங்கக் காரியாலயங்கள். இந்தப் பக்கம் துப்பாக்கி, அதன் முனையில் கத்தி. சிப்பாய் கையை நீட்டினான். கடிதத்தைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்து மேசைமேல் வைத்தான். நான் ஒதுங்கி, மரத்தடியில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

யார் கழற்றச் சொன்னது? யாருமே சொல்லவில்லையே!

பத்து அடித்தது. பதினொன்று. கேட்கலாமா? கேட்டால் பிடித்துவிட்டால்? ஒரு மணிக்கு அவனே வந்தான். கடிதத்தை எடுத்துக்கொண்டு அப்போதே உள்ளே போவதுதானே, இன்னும் ஏன் நிற்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். கூப்பிடுவீர்கள் என்று நின்றேன் என்றேன். அவன் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.

ஓடினேன். உள்ளே கிளாக்கர் சிவபாதம், யாழ்ப்பாணத்துக்காரர், கோப்புக் கட்டை மூடி வைத்திருந்தார். "மூண்டு தரம் கூப்பிட்டனாங்கள் ஐயா. எங்கை நிண்டனீங்கள்?"

எங்கே நின்றேன்? நாற்பது அடி தூரத்தில்.

18.5.1961

ராக்காயி கேட்டாள். "போயிட்டு வந்தாச்சு, கூப்பிடுவாங்க" என்றேன்.

2.8.1961

கடிதம். சமூகமளிக்காதபடியால் இருவரது விண்ணப்பமும் தள்ளுபடி. மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம். விடுவேனா? இப்போதே எழுத உட்கார்ந்துவிட்டேன். தேதியைத் தாண்டிப் பேனா போக மாட்டேன் என்கிறது.

அடுப்படியிலிருந்து ராக்காயி, "என்னங்க போட்டிருக்கு?" என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"இன்னும் கூப்பிடல" என்றேன்.