பம்பாயின் புகை அறை

12-6-47, வியாழன்.

தீயணைப்புப் படிப்பில் சேரப்போகிறேன் என்று தம்பி சேகர் பம்பாய், பெங்களூர் என்று இரண்டு கல்லூரிகளின் விவரப் புத்தகங்களைக் கொண்டுவந்தான். "நீயே படிச்சுப் பாத்துச் சொல்லுக்கா, நீ சொல்ற இடத்துல சேர்றேன்" என்றான்.

பம்பாயில் புகை நிரப்பிய அறைக்குள் பையன்களை அனுப்பி, ஆள் கனத்துக்குச் செய்த பொம்மையைத் தூக்கிவரச் சொல்வார்களாம். படிக்கும்போதே எனக்குக் கோபம் வந்தது. ஊரார் பிள்ளைகளை இப்படியா வதைப்பது? பெங்களூரில் அந்த வம்பெல்லாம் இல்லை. பாடம், பரீட்சை, சர்டிபிகேட், அவ்வளவுதான். "பெங்களூர்" என்றேன். அவன் முகம் சுண்டிப்போனது. பம்பாய்க்கு மனுப் போட இன்றுதான் கடைசி நாள். ஆனாலும் பெங்களூர் மனுவை லஸ் முனைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தான்.

சாப்பிடும்போது கேட்டேன்: "என்மேல வருத்தமாடா?"

"அதெல்லாம் இல்லக்கா. நான் முதல்முதலா புகைக்குள்ள போறப்ப உள்ள பொம்மை இருக்காது, நிஜ ஆளுதான் இருப்பாங்க. அதைத்தான் நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு மோருக்குத் தட்டை நீட்டினான்.

பெரிய படிப்பாளி நான், இது தோன்றவில்லை. பம்பாயில் அவனுக்கு மூச்சுத் திணறினால் வாத்தியார் கதவைத் திறந்துவிட்டிருப்பார். எரிகிற வீட்டில் யார் திறப்பார்கள்?