என் வகுப்பில் தொடங்கிய சண்டை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? இந்தத் தம்போய் ஊரில் நான் சுகமாக இருக்கிறேன்.

போன வாரம் மாணவர்களை வடக்கு, தெற்கு என்று பிரித்து, அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன் அடிமை முறை பற்றி நடந்த வாதத்தைப் பேசச் சொன்னேன். லோஷினி என்ற மாணவி தெற்கின் முதலாளிகள் பக்கம். "சோறு போடுறோம், தங்க இடம் தர்றோம். ஓடிப்போனா பிடிக்கக் கூடாதா?" என்று பொரிந்து தள்ளியவள் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். அவள் வீட்டில் வேலை செய்யும் இந்தோனேசியப் பெண்ணின் பாஸ்போர்ட், ஓடிப்போய்விடக் கூடாதென்று லோஷினியின் அப்பாவின் அலமாரியில் பூட்டியிருக்கிறதாம். அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அன்றே வீட்டில் சண்டை போட்டிருக்கிறாள்.

மறுநாள் அவள் அப்பா பள்ளிக்கே வந்து, "பாடத்த மட்டும் நடத்துங்க டீச்சர், என் வீட்ட ரெண்டாக்காதீங்க!" என்று கத்தினார். முதல்வர் என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னார். வாதாடத் தெம்பில்லை, கேட்டுவிட்டேன். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள்.

நேற்று லோஷினி வந்தாள். "அப்பா என்கூட பேசறதில்ல டீச்சர். ஆனா அந்த அக்காகிட்ட பாஸ்போர்ட்ட குடுத்துட்டாரு லா. மகளப் பாக்க ஊருக்குப் போறாங்க" என்றாள். கேட்ட மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றியது.

பருப்புப் பொடி கொஞ்சம் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள். பேச ஒன்றுமில்லாவிட்டாலும் வீட்டுச் சத்தமாவது கேட்கட்டும். பள்ளி வேன் வந்துவிட்டது.

உங்கள் ஜெபா