குட்டி ஸ்டேஷனில் தோண்டுகிற நாய்

அப்பா,

சாப்பாடு அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன். ஆறவிடாமல் சாப்பிடுங்கள்.

நாயைக் கொண்டுபோக இன்று வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். "நாலு எழுத்து படிச்சுட்டா அப்பனுக்கே புத்தி சொல்லுவியா"ன்னு நேற்று கேட்டீர்கள். சொல்லத்தான் செய்வேன்.

தோட்டத்தில் தம்பி போட்ட குட்டி ரயில் பாதையை நாய் நாசம் பண்ணுகிறது என்கிறீர்களே, எங்கே தோண்டுகிறது என்று ஒருநாளாவது குனிந்து பார்த்தீர்களா? ஸ்டேஷன் பக்கம் மட்டும்தான். தினமும் சாயங்காலம் அவன் சரக்குப் பெட்டியில் பிஸ்கட் வைத்து அதற்கு அங்கேதான் அனுப்புவான். அவன் செத்து நாலு மாதம் ஆகிறது என்று அதற்கு யார் சொல்வது?

காலையில் ஜல்லியை வாரி, தண்டவாளத்துக்கு அடியில் கம்பி வலை விரித்து மூடிவிட்டேன். இனி அதனால் தோண்ட முடியாது. வளைவில் தண்டவாளத்தைத் தாங்குகிற இரண்டு கட்டை ஆடுகிறது, அது உங்கள் வேலை.

பி.கு: வலை போட்டதும் பிஸ்கட் வைத்து நானே ரயிலை ஓட்டினேன். நாய் தொடவில்லை, ரயில் வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் விசில் அடித்துத்தான் அனுப்புவான். எனக்கு விசில் வராது. உங்கள் விசிலும் அவன் விசிலும் ஒன்றுதான் அப்பா. சாயங்காலம் ஒரு தடவை ஓட்டுங்கள்.